மகேசுவின் பூசணிக்காய் வியன்னாவுக்குப் போன விதம்

கம்பஸில் படிப்பிக்கிற தர்ஷினி பிள்ளை போன கிழமை பாலையூற்றில் என் வீட்டுக்கு வந்தது. கூடவே நாலைந்து மாணவர்கள், எல்லோர் கையிலும் போன். கடற்கரைப் பாட்டுகளைப் பதியப் போகிறார்களாம். நான் ஒரு காலத்தில் அந்த வேலைக்குக் கூடப் போனவன் என்று பிள்ளை சொல்லி, எப்படிச் செய்வது என்று கேட்க வந்திருந்தார்கள். போனை நீட்டினால் தானாகப் பதியும், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று ஒரு தம்பி சொன்னான். நான் அவன் காலைப் பார்த்தேன். றப்பர் செருப்பு.

"முதல்ல அதைக் கழட்டும் தம்பி," என்றேன்.

வீட்டுக்குள் வருவதற்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக் கழற்றினான். நான் சொன்னது பாட்டுக்காக.

நான் வான் ஓட்டினவன். பள்ளிக்கூடம் எனக்கு ஒத்துவரவில்லை. பஸ்ஸில் போட்டிருக்கிற ஊர்ப் பெயரை வாசிப்பேன், அதற்கு மேல் வராது. இதை நான் சொல்லச் சொல்லத் தர்ஷினி பிள்ளைதான் எழுதுகிறது. இடைக்கிடை "ஐயா, விசயத்துக்கு வாங்கோ" என்கிறது. வருகிறேன். வானும் அப்படித்தான், ஒரே ஓட்டமாக ஓடினால் சூடேறி நின்றுவிடும்.

நான் வானில் ஏற்றித் திரிந்த புரொபசரின் பெயர் எர்வின். ஒஸ்திரியா நாட்டுக்காரர். வியன்னாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் இசையைப் பற்றிப் படிப்பித்தவர். பாடப் பழக்குகிறவர் இல்லை. ஆட்கள் ஏன் பாடுகிறார்கள், எந்த வேலைக்கு எந்தப் பாட்டு, எங்கே மூச்சு எடுக்கிறார்கள் என்பதைப் படிப்பிக்கிறவர். நிலாவெளிக் கரையில் எர்வின் என்ற பெயர் ஒருவர் வாயிலும் நிற்கவில்லை. ஏரம்பு ஆக்கி, மாஸ்டர் என்றும் சேர்த்துவிட்டார்கள். அவருக்கு அதில் நல்ல சந்தோசம். வியன்னாவில் இருந்து அனுப்புகிற நத்தார் வாழ்த்திலும் ஏரம்பு என்றே கையெழுத்து வைப்பார்.

அவர் படித்து வந்த கதை எல்லாம் வானில் கேட்டதுதான். மலைநாட்டுக் கிராமமாம். தகப்பன் மாடு வைத்திருந்தவர். ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் ஒரு மணி, ஒவ்வொரு மணிக்கும் ஒரு குரல். சின்ன வயதிலேயே எர்வின் வீட்டுக்குள் இருந்தபடி எந்த மாடு எந்தப் பக்கம் மேய்கிறது என்று சொல்லுவாராம். பிறகு தேவாலயத்தில் ஓர்கன் வாசித்து, பட்டணம் போய்ப் பெரிய படிப்புப் படித்து, மாடு கூப்பிடுகிற பாட்டைப் பற்றி ஒரு மொத்தப் புத்தகம் எழுதினார். அதற்காகவே புரொபசர் ஆக்கினார்களாம். இதை வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி மகேசு சட்டியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்கட அண்ணன் வெருகல்ல எவ்வளவு காலமா மாடு கூப்பிடுறார். அவரை ஆரும் ஒண்டும் ஆக்கேல்லை."

அந்த அண்ணன் மாட்டோடு பூசணிக்காயும் போடுகிறவர். பூசணிக்காயை மனதில் வைத்திருங்கள், பிறகு வரும்.

ஆடி, ஆவணியில் அவருடைய பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை. எங்களுக்கு அது கரைவலைக் காலம். கடலில் வலையை வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் கரையில் நின்று இழுப்பார்கள். நடுவில் மீன் சேர்கிற பைக்கு மடி என்று பெயர். இழுக்கும்போது பாடுகிற பாட்டு அம்பா. அந்த அம்பாவுக்காகத்தான் ஒஸ்திரியாவில் இருந்து ஒரு மனிதன் வருடா வருடம் வந்தான் என்றால் எங்கள் தெருவில் இன்றைக்கும் நம்பாத ஆட்கள் இருக்கிறார்கள்.

வேலைக்கு என்று ஒரு முறை இருந்தது. கரைக்குப் போன உடனே செருப்பு கழற்ற வேண்டும். அது மணலில் அடிக்கிற சத்தம் அம்பாவை விடப் பெரிதாக விழுமாம். கிலுங்குகிற திறப்புக் கோர்வையை வானின் சீற்றுக்குக் கீழே வைக்க வேண்டும். தேத்தண்ணிக் கடைக்காரரிடம் றேடியோவை நிற்பாட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். நிற்பாட்டினதற்கு ஆளுக்கு இரண்டு தேத்தண்ணி குடிக்க வேண்டும். பிறகு காகம். காகம் என் பொறுப்பு. ஒரு வாளி மீன்குடலோடு கரையின் மற்ற அந்தத்துக்கு ஓடிப் போய்க் கொட்டிவிட்டு, எல்லாக் காகமும் அங்கே வந்த பிறகு நான் இங்கே ஓடி வர வேண்டும். சில நாட்களில் காகங்கள் என்னைக் கண்ட உடனேயே மற்றப் பக்கம் போய்க் காத்திருக்கும்.

அதற்குப் பிறகு மாஸ்டர் மைக்கைப் பிடித்து, பாடப் போகிறவரை ஒருதரம் குனிந்து கும்பிட்டுவிட்டு, புத்தகத்தில் படித்த தன் தமிழில் நடப்பதை எல்லாம் சொல்லுவார்: "இது நிலாவெளி. தெற்கிலிருந்து காற்று வீசுகின்றது. சவிரிமுத்து அவர்கள் பாடுகின்றார்கள். குணரத்தினம் அவர்கள் தும்மினார்கள்." குணரத்தினம் நான்தான். எனக்குக் கடற்காற்றுப் பட்டால் தும்மல். எவ்வளவு அடக்கினாலும் பாட்டு முடிகிற இடத்தில் ஒன்று வந்துவிடும். அவர் அதை வெட்டி எறிய மாட்டார். அந்த இடத்தில் நடந்தது எல்லாம் அந்த இடத்துக்குச் சொந்தம் என்பார். வியன்னாவில் அவருடைய மாணவர்களுக்கு என் முகம் தெரியாது, தும்மலைக் கேட்டால் என் பெயரைச் சொல்லுவார்களாம்.

அவர் ஒருநாளும் சத்தம் போட்டு நான் பார்க்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் தலையைக் கொஞ்சம் சரித்து, "இன்னும் ஒருமுறை" என்பார். அவ்வளவுதான். பாடினவனுக்கும் அதுதான், தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் அதுதான், வானைப் பின்னுக்கு எடுக்கிற எனக்கும் அதுதான். பதிந்த பாட்டை முதலில் பாடினவருக்குப் போட்டுக் காட்டுவார். அவர் கேட்டு முடிக்கும்வரை வேறு ஒருவர் காதிலும் அது விழக்கூடாது. ஒருதரம் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தின் வாசலில் மைக்கை நீட்டிக் கப்பல் சங்கைப் பதியும்போது காவல்காரர் ஓடி வந்து, இது என்ன துவக்கோ என்று கேட்டார். மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டினார். காவல்காரரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. உள்ளே மற்றக் காவல்காரர் விடுகிற குறட்டை அதில் கேட்டிருக்கிறது. கடைசியில் ஹெட்போனைத் திருப்பி வாங்கத்தான் கஷ்டப்பட்டோம்.

மைக்குக்குக் காற்றுப் படாமல் ஒரு சடை உறை போடுவார்கள். பார்த்தால் குரங்குக்குட்டி மாதிரி இருக்கும். அதை ஒருநாள் நகரத்தில் வான் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் ஒரு மான் சாப்பிட்டுவிட்டது. திருகோணமலையில் மான் தெருவில் திரிவது வெளியூர்க்காரருக்குத்தான் புதினம். நான் விரட்ட ஓடினேன். மாஸ்டர் என் தோளைப் பிடித்து நிற்பாட்டி, மைக்கை மெல்ல மானின் வாய்ப் பக்கம் கொண்டுபோனார். மான் தன் உறையைச் சாப்பிடுகிற சத்தத்தை அந்த மைக்கே பதிந்தது. பிறகு மகேசு குளியலறை வாசலில் கிடந்த சடைக் கால்துடைப்பானை வெட்டி ஒரு உறை தைத்துக் கொடுத்தாள். புதுசுதான், கழுவினதுதான். மாஸ்டர் அதையே வியன்னா வரைக்கும் கொண்டுபோய் வந்தார்.

விசயத்துக்கு வரச் சொல்கிறது பிள்ளை. வந்துவிட்டேன்.

கரைவலையில் சில வழக்கம் இருக்கிறது. மடி கரையைத் தொடும்வரை வலைச் சொந்தக்காரரைப் பாட்டில் எப்படியும் நக்கலடிக்கலாம், அவர் கோவிக்கக் கூடாது. கயிற்றில் கை வைத்தவர் ஆராக இருந்தாலும், வழியால் போனவர் என்றாலும், கறிக்கு மீன் உண்டு. அந்த மீனில் முதல் கை, கடைசியாக வந்து கயிறு பிடித்தவருக்கு. அவர் அதை வாங்கும்போதுதான் அம்பாவின் முடிவு அடியைப் பாடுவார்கள். அங்கேதான் மாஸ்டருக்குப் பிரச்சினை. மடி வந்த உடனே வியாபாரிகள் ஒருபக்கம், காகம் ஒருபக்கம், பங்குச் சண்டை ஒருபக்கம். முடிவு அடி அந்த இரைச்சலில் ஒருநாளும் மைக்கில் விழவில்லை. மீனுக்கு "இன்னும் ஒருமுறை" சொல்ல ஏலாதே. வருடா வருடம் முடிவில்லாத பாட்டோடுதான் அவர் பிளேன் ஏறினார்.

கடைசியாக வந்தது மார்கழியில். அவருக்கு இளைப்பாறுகிற வயது. தை மாதம் வியன்னாவில் கடைசி லெக்சர். அன்றைக்கு முழு அம்பாவையும் போட்டுக் காட்டுவேன் என்று மாணவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் மார்கழியில் கடல் கொந்தளிக்கும், கரைவலை இல்லை. அடுத்த காலம் வரை பொறுக்கவும் ஏலாது. அந்த முடிவு அடியைப் பாடத் தெரிந்த ஒரே ஆள் அம்பாக்காரர் சவிரிமுத்து, எங்கள் சவிரி அண்ணை. அவரை மகள் கனடாவுக்குக் கூப்பிட்டுவிட்டாள், அடுத்த கிழமை பயணம்.

"சும்மா இருந்து பாடுங்கோவன்," என்று நான் சவிரி அண்ணையிடம் கேட்டேன். அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். பிறகு மூடினார்.

"கையில பாரம் இல்லாமல் வருகுதில்லையடா," என்றார். பாவம், முகம் சிவந்துபோனது.

சரி, பாரம் கொடுப்போம் என்று பழைய இழுவைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனோம். முதலில் ஒரு தென்னங்குற்றியில் கயிற்றைக் கட்டினோம். அது நாலு இழுவையில் வந்துவிட்டது, பாட்டு பாதியில் நின்றது. பிறகு நிற்கிற தென்னைமரத்திலேயே கட்டினோம். மரம் அசையவில்லை, பாட்டும் அசையவில்லை. முதல் அடியையே திரும்பத் திரும்பப் பாடிக் களைத்துப்போனார்கள். மாஸ்டர் மணலில் குந்தி இருந்து ஹெட்போனைக் கழற்றினார். அவர் அப்படித் தலை குனிந்து இருந்ததை நான் அதுவரை காணவில்லை. அந்த நேரம் சவிரி அண்ணை திரும்பி என் வானைப் பார்த்தார்.

"குணம், உன்ர வான் எப்பிடிப் பாரம்?"

"அது வேண்டாம் அண்ணை. உள்ளுக்கு மகேசின்ர பூசணிக்காய் கிடக்கு."

"அப்ப இன்னும் நல்லம். மடி நிறைஞ்ச வலை."

உண்மையில் நான் அன்றைக்கு வெருகலில் மச்சானிடம் பூசணிக்காய் ஏற்றிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அடுத்த நாள் எங்கள் பிள்ளையார் கோயிலில் இருபத்தொரு நாள் பிடிக்கிற பெருங்கதை விரதத்தின் முடிவு, அன்னதானம். பூசணிக்காய்க் கறி மகேசுவின் நேர்த்தி. மச்சான் ஒவ்வொரு காயிலும் மூன்று குறி திருநீறு பூசி அனுப்பியிருந்தார். மாஸ்டர் போன் எடுத்ததால் ஏற்றினது ஏற்றினபடி நிலாவெளிக்கு விட்டுவிட்டேன்.

வானைத் தண்ணீர்க் கரை வரை இறக்கி, முன்பக்கம் கயிற்றைக் கட்டினார்கள். நான் உள்ளே இருந்து பிறேக்கை அளவாக மிதிக்க வேண்டும். கூட மிதித்தால் மரம், குறைய மிதித்தால் குற்றி. சவிரி அண்ணை கயிற்றைப் பிடித்தார். பிடித்த உடனே குரல் வந்தது.

"ஆர்ர வலை, ஆர்ர வலை? குணத்தின்ர வலை.
ஆடி ஆடி வாற வலை, புகை கக்கிற வலை.
ஆரை நம்பிக் கட்டினாளோ அந்த மகராசி,
அரை வயிறு ஸ்ரேறிங்கில, அரை வயிறு மடியில."

பாரத்துக்குச் சொந்தக்காரன் நான், அதனால் நக்கலும் எனக்குத்தான். கோவிக்கக் கூடாது என்று வழக்கம். கோவிக்கவில்லை. பிறேக்கைக் கொஞ்சம் கூட மிதித்தேன்.

மார்கழியில் கடல் கரையைத் தின்று வைத்திருக்கும், பின்னுக்குப் போக இடம் இல்லை. இழுவைக்காரர் பெருந்தெருவுக்குப் போகிற ஒழுங்கை வழியாகப் பின்னுக்குப் பின்னுக்குப் போனார்கள். நானும் வானும் அவர்கள் பின்னால் போனோம். மாஸ்டர் மைக்கோடு சவிரி அண்ணைக்குப் பக்கத்தில் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார். ஒழுங்கை முடிகிற இடத்தில் நான் கையைக் காட்டி, போதும் என்றேன். மடி கரை தொடாமல் அம்பாவை நிற்பாட்டக் கூடாது, வானுக்கு எது கரை என்று ஒருவரும் முதலே யோசிக்கவில்லை. அப்படியே கரையோரப் பெருந்தெருவுக்கு ஏறிவிட்டார்கள். கயிறு தெருவுக்குக் குறுக்கே. குச்சவெளிப் பக்கம் இருந்து வந்த பஸ் நின்றது. றைவர் கோன் அடிக்கக் கையை வைத்தார். மாஸ்டர் அவரைப் பார்த்து ஒருதரம் குனிந்து கும்பிட்டார். றைவர் கையை எடுத்துவிட்டார்.

நிலாவெளிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு குணம் இருக்கிறது. கயிறு இழுபடுவதைக் கண்டால் கை சும்மா இராது. பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கண்டக்டர் இறங்கினார். றைவரும் இறங்கினார். அந்தப் பக்கத்தில் என்ன வருகிறது என்று கேட்காமலே பிடித்தார்கள். அவ்வளவு பேர் இழுத்தால் என் பிறேக் எம்மாத்திரம். வான் ஒரு பாய்ச்சலில் தெருவுக்கு ஏறி, பின்கதவு திறந்து, மச்சானின் பூசணிக்காய்கள் தார் ரோட்டில் உருண்டன.

"மடி கரைக்கு வந்திட்டுது," என்றார் சவிரி அண்ணை.

ஆட்கள் சுற்றி வந்து பங்குக்கு நின்றார்கள். வழக்கம் வழக்கம்தான். சவிரி அண்ணை என்னைப் பார்த்தார். மாஸ்டரும் என்னைப் பார்த்தார், ஹெட்போனைக் கழற்றாமல், தன் பச்சைக் கண்ணால். என்னால் தலையை ஆட்டாமல் இருக்க ஏலவில்லை. சவிரி அண்ணை ஒரு நல்ல காயாகத் தூக்கிக்கொண்டு, கடைசியாய்க் கயிறு பிடித்தது ஆர் என்று கேட்டார்.

"இந்த அக்காதான்," என்றார் கண்டக்டர்.

"எனக்கு மீன் வேண்டாம், நான் விரதம்," என்று ஒரு குரல் சனத்துக்குப் பின்னால் கேட்டது. அந்தக் குரலோடு இத்தனை காலம் குடும்பம் நடத்தியவன் நான். குச்சவெளியில் தங்கச்சி வீட்டுக்குப் போன மகேசு அந்த பஸ்ஸில்தான் திரும்பி வந்திருக்கிறாள்.

"மீன் இல்லை பிள்ளை, பூசணிக்காய்," என்று சவிரி அண்ணை இரண்டு கையாலும் நீட்டினார்.

மகேசு முதலில் காயைப் பார்த்தாள். அதில் இருந்த திருநீற்றைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள். பிறகு வானை. பிறகு வானுக்குள் குனிந்து இருந்த என்னை. சனம் அவள் முகத்தைப் பார்த்து அப்படியே அடங்கிப்போனது. வியாபாரி இல்லை, காகம் இல்லை, ஒரு இருமல்கூட இல்லை. மாஸ்டர் அத்தனை வருடம் தேடின அமைதி அன்றைக்கு என் மனைவிக்குப் பயந்துதான் வந்தது. ஆனால் அவள் வாங்கினால்தான் பாட்டு முடியும். வாங்காவிட்டால் சவிரி அண்ணை கனடாவுக்கு, மாஸ்டர் வியன்னாவுக்கு, முடிவு அடி ஒருவருக்கும் இல்லை.

"என்ர பூசணிக்காயை எனக்கே பங்கு தாறியளோ?" என்றாள் மகேசு.

சவிரி அண்ணை காயை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு நீட்டினார். மாஸ்டர் மைக்கை நீட்டினபடி நின்றார். மைக்கில் அவள் தைத்த கால்துடைப்பான். அவள் அதை ஒருதரம் பார்த்தாள், கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது.

"வாங்கிறன். ஆனா இண்டைக்குக் காய் வாங்கிற எல்லாரும் நாளைக்கு விடிய அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து வெட்டித் தரோணும். இந்த மாஸ்டரும்தான்."

எல்லாத் தலையும் ஆடியது. பஸ் றைவருடையதும். மகேசு இரண்டு கையாலும் காயை வாங்கினாள். அந்த அமைதிக்குள் சவிரி அண்ணை மெல்லிய குரலில் முடிவு அடியைப் பாடினார்.

"கடைசியாய் வந்த கையே, முதலாய் நீ வாங்கு.
கடலுக்கு ஆர் முந்தி, ஆர் பிந்தி?"

பாடி முடிந்தது. நான் தும்மினேன்.

அடுத்த நாள் பஸ் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் கோயிலுக்கு வந்தார்கள். காயும் வந்தது. மாஸ்டர் மற்றவர்கள் வெட்டுகிற சத்தத்தைத் தலையைச் சரித்துக் கேட்டுக்கேட்டு ஒரு காயைத்தான் வெட்டி முடித்தார். சவிரி அண்ணை பந்தியில் இரண்டாம் தரம் கறி கேட்டார். பிறகு அவர் கனடாவுக்குப் போனார், மாஸ்டர் வியன்னாவுக்குப் போனார், நான் பிறேக் கட்டை மாற்றக் கராஜுக்குப் போனேன்.

அந்தத் தை மாதம், அப்போது கம்பஸில் படித்துக்கொண்டிருந்த தர்ஷினி பிள்ளை தன் போனை எங்கள் வீட்டு மேசையில் தேங்காய் ஒன்றில் சாத்தி வைத்தது. கடைசி லெக்சரில் மாணவர்களே அம்பாவைப் பாடப்போகிறார்கள், நேரே பார்க்கலாம் என்றது. பெரிய மண்டபம், எல்லோரும் கம்பளிச் சட்டை, நடுவில் ஒரு மொத்தக் கயிறு, மறு அந்தத்தில் ஒரு பியானோ. சில்லு வைத்த பியானோ என்றாலும் நல்ல பாரம் போல. ஏரம்பு மாஸ்டர் முன்னுக்கு நின்று கையை ஆட்டினார். குணத்தின்ர வலை, புகை கக்கிற வலை, எல்லாம் பாடினார்கள். பியானோ அசைந்து அசைந்து வந்தது. வந்து சேர்ந்த உடனே எல்லோரும் அமைதியாகி, ஒரு மஞ்சள் முடிப் பிள்ளை முன்னுக்கு வந்து பணிவாகக் கேட்டது: "என்ர பூசணிக்காயை எனக்கே பங்கு தாறியளோ?"

அந்த இடத்தில் நடந்தது எல்லாம் அந்த இடத்துக்குச் சொந்தம். பிறகு முடிவு அடி. அது முடிந்த உடனே பின்வரிசையில் ஒரு நெடிய பெடியன் என் மாதிரியே தும்மினான்.

கைதட்டல் அடங்கின பிறகு மாஸ்டர் போனுக்குக் கிட்ட வந்தார். கண் கலங்கியிருந்தது. "மகேசுவரி அம்மா அவர்களே, எவ்வாறு இருந்தது?" என்று கேட்டார்.

மகேசு கதிரையைப் போனுக்குக் கிட்ட இழுத்தாள். தலையைக் கொஞ்சம் சரித்தாள்.

"இவற்ற தும்மல் ஒண்டுதான் சரியா வந்தது. அந்தப் பிள்ளை கடையில பால் வாங்கிற மாதிரிக் கேக்குது. நான் கேட்டது கோவத்தில. இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ."

ஊர் உலகத்துக்கு எல்லாம் "இன்னும் ஒருமுறை" சொன்ன மனிதன், தன் கடைசி லெக்சரில், ஒரு சொல் மறுத்துப் பேசாமல் மாணவர்கள் பக்கம் திரும்பினார். பியானோவைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் விட்டார்கள். முதலில் இருந்து இழுத்தார்கள். இந்தமுறை அந்தப் பிள்ளை மட்டும் இல்லை, மண்டபமே சேர்ந்து கேட்டது, மகேசு மேசையில் தட்டித் தட்டி இன்னும் இன்னும் என்றாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன குணமண்ணை, பூசணிக்காய் விக்கிறியளோ? எனக்கும் ஒண்டு எடுத்து வையுங்கோ."